வடிவமைப்பு: அண்ணி

எங்கள் வீட்டு மருந்து அலமாரியில் இருக்கும் பெட்டிகளில் பாதி என் அண்ணி வடிவமைத்தவை. இருமல் மருந்து, மூட்டுவலிக் களிம்பு, குழந்தைகளுக்கான பூச்சி மருந்து. மருந்து வேலை செய்கிறதா என்று அவரிடம் கேட்கக் கூடாது. பெட்டி ஒழுங்காகத் திறக்கிறதா என்று கேட்கலாம்.

அவர் என் அண்ணனின் மனைவி. மருந்து நிறுவனம் ஒன்றின் அட்டைப்பெட்டிப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். நான் ஒருமுறை அங்கே போயிருக்கிறேன். நீளமான அறை. ஒரு சுவர் முழுக்க வண்ணத் துண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண். அங்கே யாரும் பச்சை, நீலம் என்று பேசுவதில்லை, எண்ணைச் சொல்கிறார்கள். அண்ணியின் மேசைக்கு மேலே ஒரே ஒரு சொல் ஒட்டியிருந்தது: வந்தபடி.

மருந்துப் பெட்டியில் அச்சாகும் வாசகம் மேலிடத்திலிருந்து கையெழுத்தாகி வரும். வடிவமைப்பவர் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பலாம். அனுப்பியவர் சரி என்றால் சரி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இருமல் மருந்துக்கு ‘குலுங்கிக் குடிக்கவும்’ என்று வந்திருக்கிறது. அண்ணி சும்மா இருக்காமல் அதைக் ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று திருத்திவிட்டார். அச்சான பெட்டிகள் ஒப்புதல் பெற்ற வாசகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று மொத்தத்தையும் கிழித்துப் போட்டார்கள். மறுபடி அச்சடித்ததில் குலுங்கிக் குடிக்கவும் என்றே வந்தது. அந்த மருந்து இன்னும் கடைகளில் கிடைக்கிறது. குடிக்கிறவர்கள் குலுங்குகிறார்களா என்று தெரியவில்லை.

தான் முதன்முதலாகச் செய்த பெட்டியை அண்ணி அவருடைய அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார்.

“செஞ்சவன் பேரு இருக்கு, விக்கிறவன் பேரு இருக்கு, புகார் சொல்றதுக்கு போன் நம்பர்கூட இருக்கு. உன் பேரு எங்கம்மா?”

“வரைஞ்சவங்க பேரெல்லாம் மருந்துப் பெட்டியில போட மாட்டாங்கப்பா.”

“அப்ப இது நீ பண்ணதுன்னு எப்படித் தெரியும்?”

“நான் சொல்றேன்ல.”

“நீ சொல்லுவ” என்று பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டாராம்.

துணி மடித்துக்கொண்டே அண்ணி இதை என்னிடம் சொன்னார். “அவர் கேட்டதுல தப்பே இல்ல” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவருக்கு ஒரு ஆசை இருக்கிறது என்று. தன் பெயர் ஏதாவது ஒன்றின்மேல் அச்சாக வேண்டும்.

அது நடக்கக்கூடிய ஒரே இடமாக என் தம்பி வந்து சேர்ந்தான்.

தம்பி லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறான். மீதி நேரத்தில் ராப் பாடுகிறான். மேடைப் பெயர் தலைவலி. அம்மா அவனைச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார், அதனால் அந்தப் பெயரில் அம்மாவுக்குக் கொஞ்சம் பங்கு இருப்பதாக நினைப்பு. மாடியில் அவன் அறைதான் ஒலிப்பதிவுக் கூடம். ஜன்னலை மெத்தையால் அடைத்திருப்பான். மைக் துணி அலமாரிக்குள், அண்ணனின் பழைய சட்டைகளுக்கு நடுவில் இருக்கும். பாடும்போது தலையை மட்டும் உள்ளே விட்டுக்கொள்வான். பின்னாலிருந்து பார்த்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கும்.

எங்களுக்குக் கீழே குடியிருப்பவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் கீழ்வீட்டு மாமா. தம்பி பாட ஆரம்பித்ததும் மாமா ஒட்டடைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்துத் தன் கூரையை இடிப்பார். பிறகு “கம்மி பண்ணுப்பா!” என்று கத்துவார். அலமாரிச் சட்டைகளையும் தாண்டி அது எல்லாப் பாட்டிலும் பதிவாகிவிட்டது. முதலில் அதை அழிக்கப் பார்த்தான். முடியவில்லை. கடைசியில் ஆல்பத்துக்கே ‘கம்மி பண்ணு’ என்று பெயர் வைத்துவிட்டான்.

“அண்ணி, அட்டை நீங்கதான் பண்ணணும்” என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தான். “மனசுல எல்லாம் ரெடியா இருக்கு. ஒரு சிங்கம். கண்ணுல நெருப்பு. கழுத்துல பெரிய சங்கிலி.”

“சிங்கத்துக்கா, உனக்கா?”

“ரெண்டு பேருக்கும்.”

“சங்கிலி போட்டா அது சிங்கம் இல்லடா” என்றான் அண்ணன். “வீட்டுக் காவலுக்கு வெச்சிருக்கிறது.”

அம்மாவுக்கு வேறு யோசனை இருந்தது. “பேரே தலைவலி. மாத்திரைப் பெட்டி மாதிரி பண்ணிடேன். உனக்குக் கை பழகின வேலை.”

எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. தம்பிகூட சிங்கத்தைக் கைவிடத் தயாரானான்.

“அதைத்தான் பகல் பூரா பண்றேன் அத்தை” என்றார் அண்ணி. “சாயங்காலமும் அதேவா?”

பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். தம்பி நெகிழ்ந்துபோய், “உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க அண்ணி” என்றான்.

“பின் அட்டையில பேர் போடு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“கண்டிப்பா அண்ணி. பேர் இல்லாம எப்படி?”

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டாகக்கூட இருக்கலாம்.

வேலைக்குப் போகும் பஸ்ஸில் எல்லாப் பாட்டையும் கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “டொக் டொக்னு ஒண்ணு வருதே, அது யாரு வாசிக்கிறது? நல்லா இருக்கு.”

“அது வாசிப்பு இல்ல அண்ணி. கீழ்வீட்டு மாமா.”

அந்த வாரக் கடைசியில் அண்ணி கேமராவை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். மாமா எங்களைப் பார்த்ததும் உஷாரானார்.

“சண்டைன்னா நாளைக்கு வாங்க. இன்னிக்கு எனக்கு முதுகு வலி.”

“சண்டை இல்ல மாமா. உங்க கூரையைப் பாக்கணும்.”

எங்கள் வாழ்க்கையில் நாங்கள் அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்ததே இல்லை. தம்பியின் அறைக்கு நேர்கீழே, மங்கிய வெள்ளைப் பூச்சில், சின்னச் சின்னக் குழிகள். சில இடங்களில் நெருக்கமாக, சில இடங்களில் தனியாக. ஓரத்தில் தண்ணீர் கசிந்த பழுப்புக் கறை.

“இதெல்லாம் பழசு” என்று மாமா கையை நீட்டிக் காட்டினார். “அப்ப அவன் மெதுவாத்தான் பாடிட்டிருந்தான். இந்தக் கூட்டமா இருக்கே, அது போன மழைக்காலம். அப்பதான் பெரிய ஸ்பீக்கர் வாங்கினான்.”

“அலமாரிக்கு நேரா எதுவும் இல்லையே மாமா?”

“அங்க கம்பு எட்டாது. கட்டில் இடிக்குது.”

அண்ணி தரையில் படுத்துக்கொண்டு படம் எடுத்தார். மாமாவுக்கும் மாமிக்கும் சங்கடமாகிவிட்டது. வெள்ளை அடித்த பிறகு வந்து எடுக்கலாமே, நாலு பேர் பார்ப்பார்களே என்றார் மாமி. மாமா கம்பை எடுத்துவந்து, “வேணும்னா புதுசா ஒண்ணு ரெண்டு போடட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் மாமா. இருக்கிறது போதும்.”

முன் அட்டை அவ்வளவுதான். கூரை, குழிகள், கறை. தலைப்பை அண்ணி கையால் எழுதினார், தடித்த, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. வரைந்து முடித்துத் திரையில் காட்டியபோது தம்பியும் அவனுக்கு இசை அமைக்கும் கரண்ட் என்ற நண்பனும் சேர்ந்து குனிந்து பார்த்தார்கள்.

“அண்ணி, புள்ளி விட்டுப்போச்சு” என்றான் தம்பி. “கமமி பணணுன்னு இருக்கு.”

“விட்டுப்போகல. தள்ளி நின்னு பாரு.”

தம்பி முதுகு ஃபிரிட்ஜில் இடிக்கும்வரை பின்னால் போனான். ம மேலேயும் ண மேலேயும் கூரையின் இரண்டு குழிகள் சரியாக உட்கார்ந்திருந்தன. அண்ணி எழுத்துகளைத்தான் குழிகளுக்கு ஏற்றபடி நகர்த்தியிருந்தார், குழியைத் தொடவில்லை.

கரண்டும் பின்னால் போய் நின்று பார்த்தான். பிறகு, “புள்ளி மாமா வெச்சது” என்றான். சிங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அதே கூரை நிறம், அதே குழி நிழல் போஸ்டருக்கும் ஸ்டிக்கருக்கும் போயிற்று. சட்டைக்குக் குழிகளை மட்டும் வைத்தார். மாதிரிக்கு வந்த சட்டையை அம்மா கறை என்று நினைத்து இரண்டு முறை துவைத்தார். போகாததால் கடைக்காரனைத் திட்டினார்.

இந்தக் காலத்தில் யாரும் சிடி வாங்குவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் சிடி அடிக்கப்போவதாகத் தம்பி சொன்னான். எங்கள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. ஆனால் சிடி என்றால் பின் அட்டை உண்டு.

பின் அட்டைக்கான வாசகம் போனில் வந்தபோது நான் அண்ணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தம்பி இப்படி அனுப்பியிருந்தான்:

பாட்டு, குரல்: தலைவலி
இசை: கரண்ட்
ஒலிப்பதிவு: அலமாரி
டொக் டொக்: கீழ்வீட்டு மாமா
டீ: அம்மா
வடிவமைப்பு: அண்ணி

அண்ணி அதை இரண்டு முறை படித்தார். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து அட்டையில் வைத்தார். கடைசி வரியையும் வைத்தார்.

“உங்க கையிலதானே இருக்கு” என்றேன். “பேரை மாத்திடுங்களேன்.”

“வந்தபடிதான் போடணும்.”

“இது மருந்து இல்லையே அண்ணி.”

“எதுவா இருந்தா என்ன?”

“நான் அவன்கிட்ட சொல்லட்டுமா?”

“சொல்லாத. ஒரு தடவை கேட்டாச்சு. ரெண்டாம் தடவை கேட்டா அது கெஞ்சல்.”

ஆனால் கேள்வி கேட்க அவருக்கு உரிமை உண்டு. கடைசி வரியின் பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, உள்ளே கேள்விக்குறி வைத்துத் தம்பிக்கு அனுப்பினார். பிறகு போனைத் திரை தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

தம்பியின் பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அவனுடைய முதல் பாட்டின் போஸ்டரில் ‘மன்னன்’ என்பது ‘மண்ணன்’ என்று அச்சாகி, நண்பர்கள் அவனை வெகுகாலம் மண்ணு என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று சந்தேகம் வந்தால் இரண்டு இடத்திலாவது பார்க்காமல் அவன் விடுவதில்லை. ஏதோ ஒரு கட்டடத்தில் பாதி திறந்த லிஃப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு அண்ணியின் சிவப்பு வட்டத்தைப் பார்த்திருக்கிறான். கரண்டுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறான். அகராதியில் தேடியிருக்கிறான். பிறகு பதில் அனுப்பினான்.

“மூணு சுழி ண தான் அண்ணி. ரெண்டு இடத்துல பாத்துட்டேன். கரெக்டா இருக்கு.”

அண்ணி அதைப் படித்தார். சிவப்பு வட்டத்தை நீக்கினார். அச்சுக்கு அனுப்பினார். பிறகு எழுந்து போய்க் கொடியில் காய்ந்த துணியை எடுத்து வந்தார்.

சிடி பெட்டிகள் வந்ததும், ஒன்றை எடுத்துக்கொண்டு அவருடைய அப்பா வீட்டுக்குப் போனோம். நானும் வருகிறேன் என்று சொன்னது நான்தான். அவர் வேனைக் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்தார். கையைத் துடைத்து, கண்ணாடியை மாட்டி, முன் அட்டையைப் பார்த்து, “கூரை பூசணும் போல” என்றார். திருப்பினார். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார்.

“வடிவமைப்பு, அண்ணி. யாரும்மா இது?”

“நான்தாம்பா.”

“யாருக்கு அண்ணி?”

“அவரோட தம்பிக்கு.”

“ஓ.” அவர் இன்னொரு முறை படித்தார். “எனக்கு நீ அண்ணி இல்லையேம்மா.”

குறையாகச் சொல்லவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார். அண்ணி டம்ளரில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

திரும்பி வந்ததும் நான் சொல்லிவிட்டேன். தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

“பேர்தான் போட்டேனே” என்றான்.

“அது பேரா?”

“பின்ன?”

அவனுக்கு அது மெதுவாகப் புரிவதை முகத்தில் பார்த்தேன். ஒரு ஷூவோடு எழுந்து அடுப்படிக்குப் போனான்.

“ஸாரி அண்ணி. எனக்குள்ள உங்க பேரே அதுதான். போன்லயும் அப்படித்தான் இருக்கு. வேற ஒண்ணு இருக்குன்னே தோணல.”

“தெரியும்.”

“சின்னதா ஸ்டிக்கர் அடிச்சு எல்லாத்துலயும் மேல ஒட்டிடட்டுமா?”

“வேண்டாம். கோணலா ஒட்டுவ.”

அதற்குப் பிறகு நடந்ததை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இணையத்தில் பாட்டைவிட அட்டையைப் பற்றித்தான் அதிகம் பேர் எழுதினார்கள். தலைவலி, கரண்ட் என்ற வரிசையில் வந்ததால் அண்ணி என்பதையும் எல்லோரும் மேடைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அண்ணி ஒரு ஆள் அல்ல, மூன்று பேர் கொண்ட குழு என்று ஒருவர் விளக்கம் கொடுத்திருந்தார். ‘அண்ணியின் ஆரம்பக் காலப் படைப்புகள்’ எங்கே கிடைக்கும் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். மருந்துக் கடையில் என்று தம்பி பதில் எழுதினான். அதை யாரும் நம்பவில்லை.

ஒரு நாள் வீட்டுப் போன் அடித்தது. அம்மா எடுத்தார். அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“அண்ணி இருக்காங்களா?” கனத்த குரல்.

“யாருப்பா பேசறது?”

“இடி பேசறேன்மா.”

“என்னது?”

“இடிம்மா. அண்ணிகிட்ட ஒரு வேலையா பேசணும்.”

“உங்க அண்ணன் பேரு என்ன?”

“எனக்கு அண்ணன் இல்லம்மா. நான்தான் மூத்தவன்.”

“அப்புறம் எப்படிப்பா அண்ணி?”

இடியும் அவருடைய ராப் குழுவினர் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். மூவருக்கும் தாடி. மூவரும் அண்ணியைவிடப் பெரியவர்கள், எல்லா வகையிலும். அண்ணி அறைக்குள் வந்ததும் சோபாவிலிருந்து ஒன்றாக எழுந்து, “வணக்கம் அண்ணி” என்றார்கள். அண்ணன் காய்கறிப் பையைக் கையில் பிடித்தபடி, இவர்களெல்லாம் எப்போது தனக்குத் தம்பிகளானார்கள் என்ற யோசனையோடு நின்றான்.

அண்ணி அந்த வேலையை எடுத்துக்கொண்டார். அவர்களும் முதலில் சிங்கம்தான் கேட்டார்கள். வேலை முடிந்து பின் அட்டை வாசகம் வந்தது. பாடியது இடி, கூடப் பாடியவர்கள் இன்னின்னார், கடைசியில்: வடிவமைப்பு, அண்ணி.

நான் சிவப்பு வட்டத்தை எதிர்பார்த்தேன். அவர் வட்டம் போடவில்லை. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு, பள்ளிச் சான்றிதழில் இருப்பதைப் போலவே தன் பெயரை அடித்தார், முன்னால் இனிஷியலோடு. அடித்த பிறகு கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ‘குலுக்கிக் குடிக்கவும்’ என்று திருத்தியதற்குப் பிறகு இன்னொருவர் வாசகத்தில் அவர் கைவைத்தது இதுதான். பிறகு அனுப்பினார்.

இடி உடனே கூப்பிட்டார்.

“அண்ணி, ஒரு சின்னத் தப்பு. கடைசி வரியில யாரோ ஒருத்தங்க பேரு வந்திருக்கு. வேற வேலையிலேர்ந்து ஒட்டிக்கிச்சு போல.”

“அது என் பேரு.”

“உங்களுக்குப் பேரு இருக்கா அண்ணி?”

“இருக்கு.”

“இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணின்னு போட்டாதான் அண்ணி, கெத்து. எங்க பசங்களுக்கு அப்படித்தான் தெரியும். இந்தப் பேரைப் போட்டா, நாங்க காசு மிச்சம் பிடிக்க வேற யார்கிட்டயோ போயிட்டோம்னு நினைப்பாங்க.”

“இடிங்கிறது யாரு வெச்ச பேரு?”

“நானேதான் வெச்சுக்கிட்டேன்.”

“அண்ணி நான் வெச்சுக்கிட்டது இல்ல.”

அண்ணி குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் வண்ண எண்ணைச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் யாரோ இடியிடம் ஏதோ கேட்டார்கள். “இரு, அவங்க பேரு சொல்றாங்க” என்று இடி பதில் சொன்னது கேட்டது.

“சரி அண்ணி. ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க. எங்க ஆளுங்க மேடையில சொல்லும்போது தப்பா சொல்லிடக் கூடாது.”

அண்ணி தன் பெயரைச் சொன்னார். இடி திருப்பிச் சொன்னார். ஓரிடத்தில் அழுத்தம் தவறியது. அண்ணி திருத்தினார். மறுபடி சொன்னார், இப்போது சரி. அடுப்படியில் நின்றிருந்த அம்மா, “யாரைக் கூப்பிடறாங்க?” என்று எட்டிப் பார்த்தார்.

அட்டைகள் வந்தபோது அண்ணி முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். அலுவலகத்தில் அச்சுப் புள்ளிகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கியை எடுத்து, கடைசி வரியின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

“இனிஷியல் உங்கப்பாவுடையதா?” என்றார் அம்மா.

“ஆமாம் அத்தை.”

“என்னுது?” என்றான் அண்ணன்.

“உங்களுதை ரேஷன் கார்டுல போட்டிருக்கேன்.”

“எப்படி வந்திருக்கு அண்ணி?” என்று தம்பி கேட்டான்.

அவர் உருப்பெருக்கியை எடுக்காமலே பதில் சொன்னார்.

“எழுத்து கொஞ்சம் சின்னதா வெச்சுட்டேன். அடுத்ததுல பெருசு பண்ணணும்.”